நாலாம் மாடியில் கேட்ட சத்தம்

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளைப் பற்றி மாமியார் சொல்வது வழக்கம். பதினோரு வருடமாக அவள் லிஃப்ட் மெக்கானிக். நாளுக்கு ஐந்தாறு கட்டடங்கள், தோளில் கருவிப் பை, லிஃப்ட் கெட்டுக் கிடக்கும் இடம் என்பதால் ஏறுவதெல்லாம் படி வழியாகவே. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் அந்தச் சக்கரம் கழன்றது. இடுப்பெலும்பின் முன்மூட்டு தளர்ந்துவிட்டது. படுக்கையில் புரண்டாலே யாரோ ரம்பம் வைத்து அறுப்பது போல வலி. படி கூடாது, ஒற்றைக்காலில் நிற்கக் கூடாது, கால்களுக்கு நடுவே தலையணை இல்லாமல் படுக்கக் கூடாது என்று அடுக்கிய டாக்டரம்மா, குழந்தை பிறந்தால் மெல்லச் சரியாகிவிடும் என்றார். அதுவரை பொழுதை என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவன், பழைய சாமான் கடையிலிருந்து சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி வந்தான். ஏதோ அலுவலகத்தில் கிடந்து தேய்ந்த சுழல் நாற்காலி. "எங்கம்மா சொன்னது இப்பத்தான் உண்மையாச்சு" என்றான். அதில் உட்கார்ந்து அடுப்படிக்கும் படுக்கைக்கும் உருண்டாள். கம்பளி நூலில் குழந்தைக்குக் காலுறை பின்னினாள். முடிந்த பிறகு பார்த்தால், அது எந்தக் காலுக்கும் உரியதாக இல்லை. அவன் அதை எடுத்துப் போய்ப் பேருந்தின் கியர் கம்பிக்கு மாட்டினான். அளவு கச்சிதம். பிள்ளைகள் சிரித்தார்களாம், அவன் கழற்றவில்லை.

சும்மா இருப்பது சுலபம் என்பவர்கள் அதை முயன்று பார்க்காதவர்கள். அவளால் ஒரு வாரம்கூட முடியவில்லை. எட்டாவது நாள் சுவரில் காதை வைத்தாள்.

அவர்கள் வீடு எட்டு மாடிக் கட்டடத்தின் நாலாம் மாடி. கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லிஃப்ட் ஓடும் குழி. அதில் 'டொக்' என்று மெல்லிய தட்டல் கேட்டது. முதலில் அதைப் பொழுதுபோக்காகத்தான் கேட்டாள். பிறகு பயம் வந்தது. வலி எடுக்கும் நாளில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால்? நாலு மாடி அவளால் இறங்க முடியாது. தூக்கிக்கொண்டு இறங்குவேன் என்ற கணவன், தண்ணீர்க் கேனைச் சுமந்து ஒத்திகை பார்த்து, இரண்டாம் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டவன்.

கூட வேலை செய்யும் மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். எதைப் பார்த்தாலும் "சரியாத்தான் இருக்கு" என்பவர். அதனால் கம்பெனியில் அவருக்குச் 'சரியாத்தான்' என்றே பெயர். பிரேக்தான் தட்டுகிறது என்று அவள் அடித்துச் சொன்னாள். அவர் மொட்டைமாடி வரை ஏறிப் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தார். லிஃப்டுக்குள் நின்று மேலும் கீழும் ஆறு தடவை போய்வந்தார். வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, "உடம்பு இப்படி இருக்கையில காது ஏதேதோ கேக்கும். தூங்கும்மா" என்றார்.

அவர் போனபின் அவள் அழுதாள். வலியைவிட அந்தத் "தூங்கும்மா" தான் குத்தியது. பிரேக் என்று அவசரப்பட்டது தன் தப்பு என்பதும் அவளுக்குத் தெரியும். இன்னொரு தடவை தப்பாகச் சொன்னால் அவர் வரமாட்டார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு. லிஃப்ட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் நேரம், எந்த மாடி, தட்டியதா இல்லையா. எத்தனை விநாடி ஓடுகிறது என்பதிலிருந்தே எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. ஆளைப் பழக்கத்தில் ஊகித்தாள். ஏழாம் மாடித் தம்பதி ஒன்பது மணிக்கு ஒன்றாக இறங்குகிறவர்கள், அந்த வாரம் பத்து நிமிட இடைவெளி விட்டு இரண்டு நடையாக இறங்கினார்கள். அதையும் எழுதினாள். கணவன் வேலை முடிந்து வந்ததும் முதல் கேள்வியே, "ஏழாம் மாடி சமாதானமாச்சா?" என்பதுதான்.

பன்னிரண்டு நாளில் நோட்டு பேசியது. தரையிலிருந்து மூன்றாம் மாடிக்குப் போகிறவர்களுக்குத் தட்டல் இல்லை. ஐந்துக்கு மேல் போகிறவர்களுக்கு, ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. பிரேக் என்றால் நிற்கும்போதெல்லாம் தட்ட வேண்டும். ஆகவே, அவள் சுவரைக் கடந்து போகும் ஏதோ ஒன்று. லிஃப்ட் பெட்டி என்றால் உள்ளே நிற்பவருக்கு அதிரும். மிச்சம் எதிர் எடைதான்: பெட்டி ஏறும்போது இறங்கி, இறங்கும்போது ஏறி, நடுவில், சரியாக நாலாம் மாடியில், பெட்டியைத் தாண்டுகிற இரும்புப் பாளம்.

அவரைத் திரும்பக் கூப்பிட்டாள். நோட்டை நீட்டினாள்.

"அண்ணே, நீங்க உள்ள நின்னு கேட்டீங்க. உள்ள கேக்காது. இங்க படுத்துக் கேளுங்க."

அவர் தயங்கி, செருப்பைக் கழற்றி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சுவரில் காதை வைத்தார். கணவன் தரைத்தளத்திலிருந்து எட்டாம் மாடிக்கு லிஃப்டில் போய்வந்தான். இரண்டு தட்டல். அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து, அவள் உள்ளங்கையில் ஒரு நைலான் பட்டையை வைத்தார். எதிர் எடை தண்டவாளத்தில் வழுக்கிப் போவதற்கானது. ஒரு பக்கம் தேய்ந்து தாள் போலாகி, நாலாம் மாடியில் தண்டவாளம் இணையும் இடத்தைத் தாண்டும்போதெல்லாம் தட்டியிருக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் இரும்பும் இரும்பும் உரசி லிஃப்ட் எங்காவது நின்றிருக்கும். நோட்டை இன்னொரு முறை புரட்டினார்.

"சரியாத்தான் எழுதியிருக்க" என்றார். ஏழாம் மாடிப் பக்கத்தில் சற்று நின்று, "இது எதுக்கு?" என்றார்.

"அது வேற ரிப்பேர்ண்ணே."

அவர் சிரித்ததை அவள் முதல் முறையாகப் பார்த்தாள். மறுவாரம் மூன்று கட்டடங்களின் புகார்ப் புத்தகங்களைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டு, படித்துச் சொல் என்றுவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் வலி எடுத்தது. கணவன் நாற்காலியோடு அவளை லிஃப்டுக்கு உருட்டினான். கதவு திறந்தது. உள்ளே ஏழாம் மாடித் தம்பதி, ஒரே பையின் ஆளுக்கொரு காதைப் பிடித்தபடி. இருவரும் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

"ரொம்ப வலிக்குதா?" என்றான் கணவன்.

"பேசாதீங்க. கேக்கணும்."

லிஃப்ட் கிளம்பியது. உள்ளே கேட்காது என்று அவளே சொன்னதுதான், இருந்தும் காதைத் தீட்டினாள். தட்டல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பையை இன்னொரு முறை பார்த்தாள். நோட்டு கையில் இல்லையே என்றிருந்தது அவளுக்கு.