பதினெட்டு மில்லி

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நாள், 2003 நவம்பர் 19, புதன்கிழமை. இடம், கொல்லிமலை, தேவனூர் நாடு. நேரம், பட்டப்பகல் இரண்டு மணி. இருட்டின் மேல் பழி போட இதில் வழியே இல்லை.

டாக்டர் அர்த்தனாரிக்கு, வலிக்கிறது என்று சொல்பவர்களைக் கண்டால் ஆகாது. அவர் வலி மருத்துவர். பசி என்றாலே எரிந்து விழும் சமையல்காரரை வைத்துக்கொண்டு யாரும் ஓட்டல் நடத்த மாட்டார்கள். ஆஸ்பத்திரி நடத்தலாம் போலிருக்கிறது. அடிவாரத்து ஊரில் அந்த வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நல்லமுத்து மிளகு விவசாயி. இடுப்பெலும்பில் புற்றுநோய். மாத்திரைக்கும் ஊசிக்கும் வலி அடங்காமல் போகவே, ஓர் அறக்கட்டளையின் தயவில் வயிற்றுத் தோலுக்கடியில் பம்பு வைத்தார்கள். உளுந்துவடை அளவு உலோக வட்டம். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முதுகுத்தண்டுக்குப் போகும். மார்ஃபின் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கொள்ளளவு பதினெட்டு மில்லி. தீருவதற்குள் தோல் வழியாக ஊசி குத்தி நிரப்ப வேண்டும். தீரப்போகிறது என்றால் பம்பு உள்ளிருந்தே கத்தும்.

அக்டோபர் 8 அன்று நிரப்பினார்கள். வலி தாங்கவில்லை என்று நல்லமுத்து அழுதார். அர்த்தனாரி சலித்துக்கொண்டே அளவை ஒன்றரை மடங்காக்கினார். அடுத்த தேதியை மட்டும் பழைய அளவை வைத்தே அட்டையில் எழுதினார். நவம்பர் 19.

நவம்பர் 3. மலைமேல் சோளக்காடு ஊரின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து நல்லமுத்துவின் மனைவி சுமதி பேசினார்.

"சார், அவரு வயித்துக்குள்ள பீப்பு பீப்புன்னு கத்துதுங்க."

"பத்தொம்பதாந்தேதி வரைக்கும் மருந்து இருக்குதும்மா. உங்க ஊட்டுல பல்லி கத்துனதே இல்லையா?"

"பல்லி வயித்துக்குள்ளயா சார் கத்தும்?"

அர்த்தனாரி போனை வைத்துவிட்டார். ஏழாம் தேதி ஒரு தடவை. பன்னிரண்டாம் தேதி ஒரு தடவை. அர்த்தனாரி எடுக்கவில்லை. "மலைக்காரங்களுக்குக் கொசு கடிச்சாலும் உசுரு போற வலிதான்" என்று நர்ஸ் ருக்குமணியிடம் சொல்லிச் சிரித்தார்.

பதினெட்டாம் தேதி ஈரோட்டில் ஒரு கல்யாணம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், வீட்டிலிருந்தே மருந்துப் பெட்டியோடு காரில் மலை ஏறினார். தேதி தவறாதவர். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

2.05. கார் நின்றது. ஒரே பனிமூட்டம். வழியில் ஆள் இல்லை, நாய் இல்லை.

2.10. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சாம்பல். கட்டிலில் நல்லமுத்து மட்டும், கழுத்துவரை போர்த்தியபடி.

"வாங்க டாக்டரு. சொன்ன தேதிக்கு வந்துட்டீங்களே."

"சம்சாரம் எங்க?"

"ஆசுபத்திரிக்குங்க. என்ற சோலியாத்தான்."

நான் இங்கே இருக்கும்போது அங்கே என்ன சோலி? புத்தி கெட்ட ஜனம் என்று நினைத்துக்கொண்டார்.

2.15. பம்பைப் படிக்கும் கருவியை வயிற்றின் மேல் வைத்தார். திரையில், பம்பு இல்லை என்று வந்தது. அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே.

"மலை ஏறினா மெசினுக்கும் கிறுக்குப் புடிச்சுக்குது."

"அது சரியாத்தானுங்க சொல்லுது."

விரலால் தடவினார். வட்டம் இருந்தது. தோல் ஜில்லென்றிருந்தது. ஊசியைக் குத்தினார். நல்லமுத்து அசையவில்லை. ஒரு பொட்டு ரத்தமும் வரவில்லை.

மிச்ச மருந்தை முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும். இழுத்தார். ஒன்றும் வரவில்லை...

"இருக்காதுங்க. நாப்பத்திரண்டு நாளு அரிசிய தெனமும் ஒண்ணரப் பங்காப் பொங்குனா எத்தன நாளைக்குங்க வரும்? இருவத்தெட்டு. மூணாவது படிச்சவன் சொல்றேன்."

அர்த்தனாரியின் கை நின்றது. இருபத்தெட்டு நாள். நவம்பர் ஐந்து. அதற்குப் பிறகு இரண்டு வாரம்...

"கத்துனேனுங்க. பல்லியாட்டம்."

2.25. பதினெட்டு மில்லியையும் ஏற்றினார். குளிரில் அவர் வாயிலிருந்து ஆவி வந்தது.

அவர் வாயிலிருந்து மட்டும்.

"இப்ப... வலி எப்படி இருக்குது?" இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

நல்லமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க அது?"

கருவியை எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்தார்.

கட்டிலில்... போர்வை மட்டும் மடித்து வைத்திருந்தது.

5.50. ஆஸ்பத்திரி. வராந்தா பெஞ்சில் சுமதி உட்கார்ந்திருந்தார். அர்த்தனாரியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

ருக்குமணி ஓடி வந்தாள். "சார், நல்லமுத்து நேத்து விடியக்காலம் தவறிட்டாருங்க. எரிச்சா பம்பு வெடிச்சுருமுன்னு நம்ம வண்டியே போயி பாடியக் கொண்டாந்துச்சு. இன்னைக்குக் காலைல பத்தேகாலுக்கு டூட்டி டாக்டரு எடுத்தாருங்க. சொட்டு மருந்து இல்லை உள்ள. கழுவி உங்க ரூம்ல பூட்டி வெச்சுருக்குது."

"நான்... ரெண்டரைக்கு மருந்து..." என்றார் சுமதியிடம்.

"வலிக்குதுன்னு மூணு தடவ கூப்புட்டேன். ஒருத்தரும் வல்லீங்க. வெடிக்குமின்னதும் மூணு மணி நேரத்துல வண்டி வந்து நிக்குது." சுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

6.05. அறையைத் திறந்தார்கள். தட்டில் பம்பு. நல்லமுத்துவின் அட்டையில் இருந்த அதே பம்பு எண். ருக்குமணி பார்த்துக்கொண்டிருக்க, அர்த்தனாரி ஊசியைக் குத்தி இழுத்தார்.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. தெளிந்த மருந்து, சரியாகப் பதினெட்டு மில்லி.

ருக்குமணி சிரிஞ்சை வாங்கினாள். உடனே தட்டில் போட்டுவிட்டாள்.

சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல.