சிவப்பு நூலும் பச்சை நூலும்

நாயின் தலையைத் தொட்டுப் பார்த்தே அதன் குலம் கோத்திரம் சொல்லிவிடுவேன் என்று ஒரு காலத்தில் நானே நாலு பேரிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் லாப்ரடார் வளர்த்து, குட்டி எடுத்து, கண்காட்சிகளுக்குக் கூட்டிப்போய், பிறகு நடுவராகவும் நின்றவள். சென்னையிலும் ஓசூரிலும் நான் கண்காட்சி வளையத்துக்குள் நுழைந்தால் நாய்க்காரர்கள் சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இல்லை என்று எழுதினால் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

இந்த ஜாதி நாய்களைக் கன்டாக், துப்பாக்கி நாய் என்பார்கள். சுடப்பட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் வாயில் கவ்விக்கொண்டு வந்து துப்பாக்கிக்காரன் கையில் கொடுக்கப் பிறந்தவை. நாங்கள் இருப்பது ஜவ்வாது மலை அடிவாரத்தில், சந்தவாசல் பக்கம். மலையில் ஒரு காட்டுக்கோழியைத் தொட்டாலே வனத்துறைக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவார். என் நாய்கள் துப்பாக்கிச் சத்தத்தையே கேட்டதில்லை. தீபாவளி வெடிக்குக் கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பல் படாமல் தூக்கி வருவதெல்லாம் பக்கத்து வீட்டுச் செருப்பு. பிறகு எதற்கு இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டால், பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

போன வருஷம் எடுத்த ஈற்றில் ஆறு குட்டிகள். நாலு வெளிர் மஞ்சள். இரண்டு கறுப்பு, இரண்டும் பெட்டை, ஒரே அச்சு. இப்படி ஒரே மாதிரி பிறந்தால் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் கம்பளி நூல் கட்டுவோம். கறுப்புகளில் ஒன்றுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை. குட்டி வளர வளர நூலை மாற்ற வேண்டும். அப்போது ஒன்றை வெட்டி, அதே கழுத்தில் புதியதைக் கட்டிவிட்டுத்தான் அடுத்த குட்டியைத் தொட வேண்டும். புதிதாக வளர்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான்.

ஐந்தாவது வாரம் திருப்பத்தூரிலிருந்து டாக்டர் வந்து எல்லாக் குட்டிகளின் நெஞ்சிலும் குழாய் வைத்துக் கேட்டார். சிவப்பு நூல் குட்டியின் இதயத்தில் ஏதோ சத்தம் இருப்பதாகச் சொன்னார். "சில குட்டிக்கு வளர வளரத் தானா போய்டுங்க மேடம். சிலதுக்குப் போவாது. இத யாருக்கும் குடுக்காதீங்க, ஓட வுடாதீங்க. ஆறு மாசத்துல திரும்பப் பாக்கலாம்" என்றார். தன் நோட்டில் 'சிவப்பு' என்று எழுதிக்கொண்டார்.

அதற்கு மூன்றாம் நாள் பாலும் கேழ்வரகுக் கஞ்சியும் ஊற்றி வைத்தேன். ஆறும் தட்டுக்குள்ளேயே இறங்கிப் புரண்டன. நூலெல்லாம் கஞ்சியில் ஊறி, காய்ந்து, விறைத்துக் கழுத்தை இறுக்கியது. எனக்கு வந்த கோபத்தில் கத்திரிக்கோலை எடுத்து ஆறு நூலையும் வரிசையாக வெட்டிப் போட்டுவிட்டுக் குட்டிகளைக் குளிப்பாட்டினேன். துவட்டித் துவட்டிப் புது நூல் கட்டினேன். துண்டோடு பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் கேட்டார்.

"எதுக்கு எதுன்னு தெரிஞ்சுதான் கட்றியா?"

"நாயப் பத்தி நீங்க எனக்குச் சொல்லித் தர்றீங்களா? தலையத் தொட்டா தெரியும் எனக்கு. துண்டக் குடுங்க."

அவர் துண்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எட்டு வாரத்தில் பச்சை நூல் குட்டியைப் போளூரிலிருந்து வந்த ஒருவர் வாங்கிப் போனார். மலைப்பாதையில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை இருக்கிறது, காலையில் ஏரிக்கரையில் நடக்கத் துணை வேண்டும் என்றார். உடம்பில் ஒரு குறையும் இல்லாத குட்டி என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

சிவப்பு என்னோடு இருந்தது. பந்து கிடையாது, படியேறுவது கிடையாது, மற்ற நாய்களோடு விளையாட்டு கிடையாது. நாலு அடி வேகமாக வைத்தால் "உக்காரு" என்பேன், உட்காரும். தினமும் காலையில் அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பேன். கேட்பது அதன் இதயமா என் இதயமா என்றே விளங்காது. பெற்ற பிள்ளையைக்கூட நான் இப்படிப் பொத்தி வளர்க்கவில்லை.

ஆறாவது மாதம் டாக்டர் வந்தார். இரண்டு பக்கமும் கேட்டார், திருப்பியும் கேட்டார். "ஒண்ணுமே இல்லீங்க மேடம். சுத்தமா போய்டுச்சு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்காதீங்க என்று அவரைத்தான் அதட்டினேன். அவர் திறக்கவே இல்லை.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சத்தம் தானாகப் போயிருக்கலாம், டாக்டரே அப்படித்தானே சொன்னார் என்று ஒரு மனசு. குளிப்பாட்டிய அன்று நூலை மாற்றிக் கட்டிவிட்டாயோ என்று இன்னொரு மனசு. அன்றைக்கு முதலில் துவட்டியது எதை? சிவப்பு நூலை எடுத்தபோது கையில் இருந்த தலை எது? நினைக்க நினைக்க இரண்டு தலையும் ஒரே தலையாகிவிட்டது. முப்பது வருஷம் ஊரார் நாயையெல்லாம் தொட்டுத் தீர்ப்புச் சொன்ன கை, தன் வீட்டுக் குட்டி எதுவென்று சொல்லவில்லை. கடைசியில் போளூருக்குப் போன் போட்டேன்.

"அவளுக்கு இன்னாங்கம்மா கொறச்சல்? ஏரிக்கரைல வுட்டா நான் ஸ்கூட்டர்ல போனாக்கூடப் புடிக்க முடியாது. ஓடிட்டு வந்தா கொஞ்சம் இருமுறா, அவ்ளோதான்" என்றார் டிரைவர்.

இதயக் கோளாறுள்ள நாய்தான் ஓடினால் இருமும். அவரை மேலே பேசவிடவில்லை. "இனிமே ஓட வுடாதீங்க. டாக்டரக் கூட்டினு வர்றேன்" என்றேன்.

மறுநாள் காலை டாக்டர், வீட்டுக்காரர், என் நாய், நான் எல்லோரும் ஒரே காரில் போனோம். சுற்றுச்சுவர் வைத்த பெரிய வாசல் அந்த வீட்டுக்கு. டாக்டர் அந்த நாயின் நெஞ்சில் வெகுநேரம் குழாயை வைத்திருந்தார். பிறகு, "இவளுக்குத்தாங்க சத்தம் இருக்குது. நல்லாவே இருக்குது" என்றார்.

பிறவியிலேயே இருந்ததா, நடுவில் வந்ததா என்று கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டினார். சிவப்பு என்றுதான் இருந்தது. "இப்ப எப்டிங்க சொல்றது?" என்றார். அவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது.

டிரைவரிடம் கஞ்சி, நூல், என் வாய்க்கொழுப்பு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "இவளை நான் எடுத்துக்கிறேங்க. நல்ல நாய் இதோ இருக்குது, இதை நீங்க வெச்சுக்கங்க" என்றேன்.

"மாத்திக்கறதுக்கு இவ இன்னா அண்டாவா குண்டாவாங்கம்மா? இவ எங்க வூட்டுப் பொண்ணு." கொஞ்ச நேரம் அவளுடைய காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரைப் பார்த்துக் கேட்டார், "நாலு மாசமா தினம் ஓட வுட்டேனே, இதுல நான் கெடுத்தது எவ்ளோங்க?"

டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். நான்தான், "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க, எல்லாம் என்னாலதான்" என்றேன். டிரைவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் கையிலிருந்த வாரை அந்த நாய் இழுத்தது. வாசலில் ஓட வேண்டும் அதற்கு. "வேணாம்மா, வேணாம்" என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. இதுவாவது ஓடட்டும் என்று என் நாயின் வாரைக் கழற்றிவிட்டேன். கேட் சாத்தியிருந்தது, வாசல் முழுக்கக் காலியாகக் கிடந்தது. "போ" என்றேன். நாலு அடி வைத்தது. நின்றது. அங்கேயே உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தது. "ஓடு, ஓடுடி" என்று கை காட்டினேன். எழுந்து மெதுவாக நடந்துவந்து என் காலடியில் உட்கார்ந்தது. ஓடு என்று அதனிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.