சீல் பிரிக்காத பெட்டி

சீல் உடைந்த பொருளை லிப்ட்காரர் கையால் தொடமாட்டார். உயரமான கட்டடங்களில் லிப்ட் பொருத்துவது அவர் வேலை. பிரேக், இரும்புக் கயிறு, கதவுப் பூட்டு என்று எது வந்தாலும் முதலில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒட்டிய பட்டையில் சின்ன மடிப்பு தெரிந்தால் போதும், "இது வேணாம், திருப்பி அனுப்பு" என்பார். யாரோ பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய பெட்டியில் வந்த பிரேக் ஒன்று, ஒருமுறை ஒன்பதாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே அவரை மூன்று மணி நேரம் தொங்கவிட்டிருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் அவரிடம் யாரும் வாதாடுவதில்லை.

அப்படிப்பட்டவர் வெளிநாட்டில் ஒரு செல்போன் வாங்கினார்.

போன் மனைவிக்கு. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பல் செட்டு செய்து கொடுக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் கையால் பேசிக்கொள்வார்கள். அவர்கள் கைமொழியில் 'நீங்க' கிடையாது. ஒரு விரலை நெஞ்சுக்கு நேரே நீட்டினால் 'நீ', அவ்வளவுதான். தெருவே 'சார்' போட்டுக் கூப்பிடும் மனிதரை அவள் இருபது வருடமாக விரலை நீட்டி ஏசிக்கொண்டிருக்கிறாள்.

அவர் வேலைக்குப் போனால் நாற்பது நாள், ஐம்பது நாள் ஆகும். அப்போதெல்லாம் வீடியோ காலில்தான் பேச்சு. அவருக்குக் கம்பெனி கொடுக்கும் போன் நன்றாகவே இருக்கும். ஊர் திரும்பியதும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அவளுடைய போன்தான் பழசு. கண்ணாடி விரிசல், கேமரா மங்கல். அவள் கை அதில் புகைபோல அலையும். போன தடவை அவள் கோபமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். படம் உறைந்து, இரண்டு கையும் அந்தரத்தில் நின்றுவிட்டன. என்ன கோபம் என்று தெரியாமலே லிப்ட்காரர் நாலு நாள் தூங்கவில்லை.

"எழுதி அனுப்பேன்" என்றார் ஒருமுறை.

"எழுதினா ஆபீசுக்கு லீவ் லெட்டர் போடற மாதிரி இருக்கு. உன்கிட்ட எப்படி எழுத்துல சண்டை போடறது?" என்றாள் அவள். அதுவும் பாதிதான் தெரிந்தது.

அதனால்தான் இந்தப் போன். நல்ல கேமரா, பெரிய திரை. ஊரில் வாங்குவதைவிட அங்கே விலை சல்லிசு. கூட வேலை பார்த்த வெல்டரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்தார். கூடவே ஒரு சின்னக் கத்தியையும் எடுத்தார், சீலைக் கிழிக்க.

லிப்ட்காரர் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டார்.

கடைக்காரர் தன் மொழியில் ஏதோ சொன்னார். லிப்ட்காரருக்குப் புரியவில்லை. கடைக்காரர் ஐந்து விரலை விரித்துக் காட்டி, காதில் கையை வைத்தார். மறுபடி ஐந்து விரல். மறுபடி காது.

"இன்னும் அஞ்சு பர்சென்ட் கேக்கறான் பாரு" என்றார் லிப்ட்காரர்.

"இல்லண்ணே, வேற ஏதோ சொல்ல வர்றாரு. என்னன்னு கேப்போம்" என்றார் வெல்டர்.

"நீ சும்மா இரு. பிரிச்சுட்டு உள்ள பழசைத் தள்ளி விடுவான். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

கடைக்காரர் தோளைக் குலுக்கினார். கடைசி முயற்சியாக, பெட்டியின் அடியில் இருந்த ஒரு மஞ்சள் ஸ்டிக்கரைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். ஏதோ பரிசுக் குலுக்கல் என்று நினைத்துக்கொண்டார் லிப்ட்காரர். வென்றுவிட்ட திருப்தியோடு, சீல் கலையாத பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஊர் வந்து சேர்ந்தார்.

வந்த அன்றே மனைவி கையாலேயே சீலைப் பிரிக்க வைத்தார். அவள் தன் சிம்மை எடுத்துப் போட்டாள். போன் வெளிச்சமாகத் திறந்தது, இரண்டு வரி காட்டியது, அதோடு நின்றுவிட்டது. இந்தச் சிம்மை ஏற்க முடியாதாம்.

அவள் பார்ப்பதற்குள் லிப்ட்காரர் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "சார்ஜ் ஏறணும்" என்று கையைக் காட்டினார்.

மறுநாள் செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனார். கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, பீரோ அகலம். பழுது பார்ப்பவர் போனைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் கேட்டார். அடியில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரைத் தன் போனால் படம் எடுத்து மொழிபெயர்த்தார். படித்துவிட்டு லிப்ட்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், வாங்கின கடையில இதைப் பிரிக்கிறேன்னு சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அந்த ஊர் சிம் போட்டு அஞ்சு நிமிஷம் பேசுங்கன்னு சொல்லலையா?"

லிப்ட்காரருக்கு இப்போதுதான் உறைத்தது. ஐந்து விரல். காது.

விஷயம் எளிது. அந்த நாட்டில் விற்கிற இந்தப் போனில் முதலில் அந்த நாட்டுச் சிம்மைப் போட்டு, விடாமல் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேசினால் பூட்டு தானாகத் திறக்கும். அப்புறம் எந்த ஊர் சிம்மும் வேலை செய்யும். பேசாமல் கொண்டுவந்தால் அது போன் இல்லை, முகம் பார்க்கும் கண்ணாடி.

"வேற வழி இல்லையா?"

"உடைச்சுப் பார்க்கலாம் சார். ஆனா திறக்கலாம், செத்தும் போகலாம். நான் கேரண்டி தரமாட்டேன். அந்த நாட்டு சிம் இருந்தா சொல்லுங்க, அரை மணி நேர வேலை."

சிம் இருந்தது. நாற்பது நாள் அதைத்தான் அங்கே பயன்படுத்தினார். கம்பெனி போனை ஒப்படைக்க வேண்டுமே என்று விமானத்திலேயே அதைக் கழற்றினார். கழற்றியதை, இனி எதற்கு என்று விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டார். போட்டதாகத்தான் அவருக்கு ஞாபகம்.

அடுத்த வேலைக்குக் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது. இந்தத் தடவை ஐம்பத்தைந்து நாள்.

பழுதுக்கடைப் போனிலிருந்தே, போன் தயாரித்த கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தார். நாற்பது நிமிடம் இசை கேட்டார். கடைசியில் எடுத்த பெண், "வாங்கிய நாட்டில் தொடர்பு கொள்ளுங்கள்" என்று தேனாகச் சொன்னாள். அந்த நாட்டு எண்ணுக்கு அழைத்தால், "எந்த மொழியில் பேச வேண்டும்" என்பதையே புரியாத ஒரு மொழியில் கேட்டது. மனைவியின் தம்பியிடம் போனார். எல்லா விஷயத்திலும் ஆள் தெரியும் என்பவன் அவன்.

"மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"சொல்லியிருந்தா?"

"வாங்காதீங்கன்னு சொல்லியிருப்பேன்."

லிப்ட்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்ப என்ன பண்ணலாம், அதைச் சொல்லு மாப்ளே."

"நான் ஒருத்தர்கிட்ட கேட்டுச் சொல்றேன் மாமா."

அந்த ஒருத்தர் மூன்று நாளாகக் கிடைக்கவில்லை. இதற்கிடையே வீட்டில் 'சார்ஜ் ஏறணும்' என்பது 'அப்டேட் ஆகுது' ஆனது; பிறகு 'கம்பெனியிலேருந்து மெசேஜ் வரணும்' என்றானது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் முகத்தையே பார்த்தாள். நாளெல்லாம் வாயைப் பார்த்துப் பழகினவள்.

ஏழாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொய் சொல்றப்ப உனக்குக் கீழ் உதடு உள்ள போகும். ஒரு வாரமா உள்ளயே இருக்கு. என்ன?"

பசி வேறு. எல்லாவற்றையும் சொன்னார். கடை, கத்தி, ஐந்து விரல், காது, ஸ்டிக்கர், குப்பைத்தொட்டி. அவள் கடைசிவரை கையை அசைக்காமல் பார்த்தாள். முடிந்ததும் தன் ஐந்து விரலை விரித்துக் காட்டி, காதில் கையை வைத்தாள்.

"அஞ்சு நிமிஷம் பேசு. இது புரியலையா உனக்கு? இருபது வருஷம் என்கூட இருந்துட்டு?"

லிப்ட்காரருக்குச் சோறு இறங்குவது இருக்கட்டும், தட்டைத் திருப்பிக் கேட்கவே தைரியம் வரவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். துவைக்கும் முன் அவர் சட்டைப் பைகளைக் காலி செய்வது அவள் வேலை. அவர் பையில் திருகாணி, வாஷர், ரப்பர் துண்டு என்று எப்போதும் ஒரு கடையே இருக்கும். எல்லாம் ஒரு பழைய பல் செட்டுப் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாள். திருகாணிகளுக்கு நடுவே, விமானச் சீட்டின் கிழிந்த துண்டில் சுற்றியபடி, சிம்.

அப்படியானால் குப்பைத்தொட்டியில் போட்டது என்ன? கிளம்பும்போது வெல்டர் தன் வீட்டு விலாசம் எழுதிக் கொடுத்த சீட்டு.

"முதல் நாளே சொல்லியிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்" என்று கையாலேயே ஒரு குத்து விட்டுவிட்டு, தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

சிம்மில் பணம் இல்லை. மனைவியின் பழைய போனிலிருந்து வெல்டருக்கு அழைத்தார். வெல்டர் இன்னும் அங்கேதான் இருந்தார்.

"அண்ணே, நான் அப்பவே சொன்னேன்ல?"

"எல்லாரும் இதையே சொல்லுங்கடா. ரீசார்ஜ் போடு."

"போடறேன். ஆனா வெளிநாட்டுலேருந்து பேசறதால ஏழு நிமிஷத்துக்கு மேல தாங்காது. நாளைக்கு நான் வேற ஊருக்குப் போறேன், அங்க டவரே இல்லயாம். பார்த்துப் பேசுங்கண்ணே. விலாசம் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு இருக்கு" என்றார் லிப்ட்காரர். கீழ் உதடு உள்ளே போனது.

சிம்மைப் புதுப் போனில் போட்டதும் சிக்னல் வந்தது. மைத்துனனுக்கு அழைத்தார்; ஐந்து நிமிடம் விடாமல் பேச அவனைவிட்டால் ஆளில்லை.

"மாமா, மீட்டிங்ல இருக்கேன், அந்த ஆள்கிட்ட பேசிட்டேன், அப்புறம் கூப்பிடறேன்." கட் ஆகிவிட்டது. அரை நிமிடம் போச்சு.

"உன் தம்பி!" என்று இரண்டு கையையும் உதறினார்.

"எனக்குப் போடு" என்றாள் அவள்.

"உனக்கா? உனக்குப் போட்டு என்ன பண்றது?"

"நான் நடுவுல கட் பண்ணமாட்டேன்."

அழைத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவளுடைய விரிசல் போன் அதிர்ந்தது. அவள் எடுத்து, பச்சையை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டாள், பெரிய அதிகாரி மாதிரி. பத்து நொடி அப்படி இருந்துவிட்டு மேஜையில் வைத்தாள். இரண்டு கையும் இப்போது காலி.

யாரும் பேசாவிட்டால் லைன் போய்விடுமோ என்ற பயம் லிப்ட்காரருக்கு. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருட லிப்ட் வேலையில் வாய்க்கு வருவது சோதனைப் பட்டியல் ஒன்றுதான்.

"பிரேக் சரி. கயிறு சரி. கதவுப் பூட்டு சரி. அவசர மணி சரி..."

"யார்கிட்ட என்ன சொல்ற?" என்றாள் அவள்.

"உன்கிட்டதான். லிப்ட் சரியா இருக்குன்னு." ஒரு கையால்தான் சொல்ல முடிந்தது, மறு கையில் போன்.

"ஒரு வாரம் என்னை முட்டாளாக்கின."

"இல்ல, நீ வருத்தப்படுவேன்னு..."

"போனைக் கீழ வை. ரெண்டு கையால பதில் சொல்லு."

"வைக்கமாட்டேன். கட் ஆயிடும். கயிறு சரி, பிரேக் சரி..."

"கடைக்காரன் கத்தியை எடுத்தா திருடன். என் தம்பி பொய்யன். வெல்டருக்கு ஒண்ணும் தெரியாது. உலகத்துல சீல் உடையாதது உன் மண்டை ஒண்ணுதான்."

அவள் இரண்டு கையாலும் கொட்டினாள். அவர் ஒரு கையால் வாங்கினார். பாதி பதில்கள் பாதியிலேயே நின்றன. ஒருமுறை கோபத்தில் போனைப் பிடித்த கையும் கிளம்பிவிட்டது. நல்லவேளை, பாதி வழியில் நினைவு வந்து காதுக்கே திரும்பியது. மேஜை நடுவில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். மூன்று நிமிடம். நான்கு. ஐந்தாவது நிமிடம் முடிந்தபோது இரண்டு பேர் கண்ணும் கடிகாரத்தில் இருந்தது. சண்டை தானாக நின்றது. அவர் இன்னும் ஒரு நிமிடம் கூட்டிப் பேசினார், கதவுப் பூட்டைப் பற்றி.

போன் ஒருமுறை சிலிர்த்தது. பூட்டு திறந்துவிட்டதாக ஒரு வரி. அவள் தன் சிம்மைப் போட்டாள். ஏற்றுக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து அவர் கிளம்பினார். வேலையிடத்தில், இன்னும் கதவு மாட்டாத லிப்ட் குழிக்குப் பக்கத்தில் தலைக்கவசத்தோடு நின்று முதல் வீடியோ காலை எடுத்தார். அவள் விரல் ஒவ்வொன்றும் நகத்தோடு தெரிந்தது. ஆய்வகப் பசை ஒட்டியிருந்த கட்டைவிரல்கூடத் தெரிந்தது. 

"தெரியுதா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுது. நாலு நாளா நீ முகம் வழிக்கல. பின்னாடி ஆணியில தொங்கறது துவைக்காத சட்டை. மேல்வரிசையில வலது பக்கம் மூணாவது பல், இடுக்குல என்னமோ மாட்டியிருக்கு."

லிப்ட்காரர் வாயை மூடிக்கொண்டார்.

"மூடாத. திற. இன்னும் கிட்ட கொண்டா. அந்தப் பல்லு ஆடற மாதிரி இருக்கே, எத்தனை நாளா?"

"ஆடல" என்று கையைக் காட்டினார்.

திரையில் அவள் தன் கீழ் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.