பாதி காலியான பாட்டில்

இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறுவதுதான் என் பிழைப்பு. புதுச்சேரியில் லிஃப்ட் இல்லாத வீடுகளின் படிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். தூக்குவதுகூடப் பரவாயில்லை. நிறைந்த கேனைச் சத்தம் வராமல் மெல்ல மெல்லத் தரையில் இறக்குகிறோமே, அதுதான் மறுநாள் கையைத் தொட விடாது. அதையும் பழகிவிட்டேன். அதனால் என் கைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் அது போய்விட்டது. மனைவிக்குக் காலையிலிருந்து வாந்தி, பேதி. நோணாங்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றியும் பிரஷர் ஏறவில்லை. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்பதால் ஆட்டோ பிடித்தேன். ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலை நர்ஸ் என் வலது கையில் கொடுத்தார்.

"ஒசரத்துலயே புடிங்க. எறக்கிட்டீங்கன்னா மருந்து உள்ள போவாது, ரத்தம் டியூப்புல ஏறிடும்."

அரை லிட்டர் பாட்டில், அதிலும் பாதி காலி. இதெல்லாம் ஒரு கனமா என்று நினைத்தேன்.

இடது கையால் அவளை என்மேல் சாய்த்து அணைத்திருந்தேன். ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் தோள் கனத்தது. புதுச்சேரி ஊருக்குள் நுழைந்ததும் எரிய ஆரம்பித்தது. கேன் தூக்கும்போது கை மடங்கும், நீளும், நடுவில் கொஞ்சம் ஆசுவாசப்பட்டுக்கொள்ளும். இங்கே அசையாமல் அப்படியே நிற்க வேண்டும். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது கை நடுங்கத் தொடங்கியது. டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை, இவளை நானே கொன்றுவிடுவேனோ என்று பயந்தேன். பாட்டில் எப்போது இறங்கியது என்றுகூடத் தெரியவில்லை. டியூப்பில் சிவப்பு ஏறியதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

கண்மூடிக் கிடந்தவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

"என்னைய உடு மாமா. கைய மாத்திக்க."

விட்டால் சரிந்துவிடுவாள். ஆனாலும் விட்டேன். அவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், நான் பாட்டிலை இடது கைக்கு மாற்றி உயர்த்தினேன். கம்பியில் அவள் விரல்களும் நடுங்கின. கோரிமேடு வரை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான்கு நாளில் தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். கிளம்பும் அன்று அங்கிருந்த ஒரு டாக்டரிடம் என் கை ஏன் அப்படிச் செய்தது என்று கேட்டேன். அசையாமல் ஒரே நிலையில் பிடித்திருந்தால் தசை இறுகி உள்ளே ரத்தம் சரியாக ஓடாது, அதனால் சீக்கிரம் சோர்ந்துவிடும், யாருக்கும் அப்படித்தான், உங்கள் பலத்தில் குறையில்லை என்றார். கேட்டுக்கொண்டேன். மனசு ஆறவில்லை.

இப்போது அவள் பழையபடி வேலைக்குப் போகிறாள், கேனை வாசலில் வைத்தால் திட்டுகிறாள். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, அரை லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர் நிரப்பி, வலது கையை உயர்த்திக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நேற்று ஒன்பது நிமிடம் தாங்கியது. அன்றைக்குக் கோரிமேட்டுக்கு நாற்பது நிமிடம் ஆனது.