அக்காவின் இடது தோடு

ஜூன் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு, நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் பின்பக்கப் படிக்கட்டில் ஒரு பெண் விழுந்து இறந்தாள். வலது காதில் சிவப்புக்கல் தோடு இருந்தது. இடது தோடு இல்லை.

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். இதில் பாதி போலீஸ் வீடியோவில் இருக்கிறது.

சந்தேகம் புருஷன்மீது. அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். தள்ளினானா, அவளே வழுக்கி விழுந்தாளா? காணாமல்போன தோடு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கடைசியாகப் பக்கத்தில் நின்றவர் என்றார் இன்ஸ்பெக்டர். ஆறு வாரம் கழித்து, அதே நேரத்தில், அதே படிக்கட்டில் ஒருவரை இறங்கச் சொல்லிப் பார்க்க ஏற்பாடு செய்தார். செத்தவளின் உயரமும் எடையும் உள்ள ஆள் வேண்டும். தங்கை தானாகவே முன்வந்தாள்.

"அழுகை வந்தா சொல்லும்மா, நிறுத்திடலாம்" என்றாள் ஏட்டம்மா.

"வராது."

வரவில்லைதான். சின்ன வயதிலிருந்தே அக்காவின் எதைப் பார்த்தாலும் அவளுக்கு வயிறு எரியும். கூந்தல், மதிப்பெண், வீடு, கடைசியில் அத்தான். அம்மா அக்காவுக்கு மட்டும் கொடுத்த அந்தச் சிவப்புத் தோட்டை ஒருமுறை கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அக்கா பிடித்து இழுத்ததில் இடது மடல் கிழிந்தது. தையல் போட்டார்கள். துளை மூடிப்போனது. அதன்பிறகு அக்கா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மூளிக்காதிதான்.

இப்போது அக்கா இல்லை. ஆறு வாரமாக அந்த வீட்டு அடுப்பங்கரை தங்கை கையில். அத்தான்மீது தப்பில்லை என்று ஆகிவிட்டால் அங்கேயே இருந்துவிடலாம். இன்றைக்கு அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மேல்படியில் ஏட்டம்மா அடையாளத்துக்காக அவள் முகத்தை முன்னாலும் பக்கவாட்டிலும் வீடியோ எடுத்தாள். இடது காது வெறுமை. பிறகு எல்லோரும் கீழே போய் நின்றார்கள்.

தங்கை இறங்கினாள். அக்காவுடையதைப் போன்ற செருப்பு. டக். டக்.

பின்னால் இன்னொரு டக்...

நின்றாள். அதுவும் நின்றது.

"பின்னாடி யாராவது வர்றீங்களா?"

"யாரும் இல்லம்மா. எல்லாரும் கீழதான் இருக்கோம்."

திருப்பத்தில் அக்காவின் தலையெண்ணெய் வாசனை.

காதோரம் மூச்சு... சில்லென்று.

இரண்டு விரல்கள். இடது மடலைப் பிடித்தன.

திருகின.

"போட்டுக்கோ, மூளிக்காதி."

எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஏட்டம்மா கேமராவைத் தாழ்த்தினாள்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

தங்கை காதைத் தொட்டாள்.

சிவப்புக்கல்.

மருத்துவமனையில் தோட்டைக் கழற்ற முடியவில்லை. திருகாணியின்மேல் சதை வளர்ந்து மூடியிருந்தது. கீறித்தான் எடுத்தார்கள். காது குத்தி ஆறு வாரமாவது ஆகியிருக்கும் என்று டாக்டர் சான்றளித்தார். தோட்டில் இருந்தது அக்காவின் ரத்தம்.

சம்பவத்தன்று தங்கை, தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தாள் என்று நான்கு பேர் சொன்னார்கள். கூட வேலை செய்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். வெறுங்காதைக் காட்டிய, மேல்படியில் எடுத்த வீடியோவில் வெளிச்சம் போதவில்லை என்று எழுதினார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று மாலையே அத்தானை விட்டுவிட்டார்கள். தங்கையை உள்ளே வைத்தார்கள்.