ஹாலந்தின் ஒப்பந்தம், ருஷ்யாவின் சவுக்கு

ஓடிப்போன பண்ணையாளைப் பிடித்து வந்து, எல்லோரும் பார்க்கச் சவுக்கால் அடிப்பது பழைய ருஷ்யாவின் வழக்கம் என்று நான் படித்த வாரத்தில், எங்கள் பக்கத்து மரம் வெட்டும் கேம்பிலும் அது நடந்தது. அறுபதுகளில் அந்தமானில், மாயாபந்தரில் கப்பல் டிக்கெட் குமாஸ்தாவாக இருந்தேன். தபால் வழியில் சரித்திர எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன்.

பாடம் எளிமையானது. ஹாலந்தில் காடு கிடையாது. மரத்தை வெளியே வாங்கி உலகத்துக்கே கப்பல் கட்டினார்கள். கூலியாள் ஒப்பந்தம் முடிந்தால் வேறு முதலாளியைத் தேடிப் போகலாம். ருஷ்யாவில் காட்டுக்கு எல்லை கிடையாது. உழைப்பவன் போவதற்கு வழியும் கிடையாது. ருஷ்ய மன்னர் ஒருவர் ஹாலந்துக்கே போய்த் தச்சு வேலை பழகினார். திரும்பும்போது ரம்பத்தைக் கொண்டுபோனார், ஒப்பந்தத்தை விட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேம்பின் காண்டிராக்டர் ஹாலந்து, ருஷ்யா இரண்டையும் கொண்டுவந்திருந்தார். மெட்ராஸில் ஆள் எடுக்கும்போது ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். கேம்புக்கு வந்ததும் ஆட்களின் டிரங்குப் பெட்டிகளை வாங்கித் தன் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிடுவார். பெட்டி வெளியே வந்தால்தான் ஆளும் வெளியே வரலாம்.

பெட்டியை விட்டுவிட்டு ஓடியவர், குழிக்குள் நின்று ரம்பம் இழுப்பவர். அவரைப் பிடித்து வந்து படாக் மரக்கட்டையில் கட்டி, மேஸ்திரி பிரம்பு பிளக்கும்வரை அடித்தார். அடிபட்டவர் இறந்ததும் மரம் விழுந்து செத்ததாகப் பதிவு செய்தார்கள். நடைமுறையில் ஒரு குறையும் இல்லை.

அதே ரம்பத்தை மேலே நின்று இழுத்தவர், ராமநாதபுரத்துக்காரர், பெட்டியில்லாமல் என் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தார். அடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். அடுத்தது தான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"சார், காண்டிராக்டர் சீட்டு இல்லாம டிக்கெட் குடுப்பீகளா?"

அப்படி ஒரு சீட்டு எந்த விதியிலும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் கேட்டுப் பழக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். மெட்ராஸ் கப்பல் புறப்படும் போர்ட் பிளேருக்கு டிக்கெட் கொடுத்தேன்.

கப்பல் புறப்படும் நேரத்தில் மேஸ்திரி இரண்டு ஆட்களோடு, கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு வந்தார். நான் வெளியே போய், டிக்கெட் முறையானது என்றேன்.

"பாபுஜி, உங்க கானூன், சட்டமெல்லாம் ஆபீஸ்ல இருக்கட்டும். இவன் ஜங்கிள் ஆளு."

நான் ஜெட்டி கான்ஸ்டபிளைக் கூப்பிட்டேன். அவர் யோசித்து, கப்பல் ஏணியில் கால் வைத்துவிட்டால் பயணி, அதன் பிறகு கேப்டன் பொறுப்பு என்று மேஸ்திரிக்கு இந்தியில் விளக்கினார். ஏணிக்கு இந்தப் பக்கம் யார் பொறுப்பு என்று அவர் சொல்லவில்லை.

மேஸ்திரி சட்டத்தை மதிப்பவர். ஏணிக்கு முன்னாலேயே ஆளைக் கீழே தள்ளி, வலது கையை ஜெட்டிக் கட்டையின்மேல் நீட்டிப் பிடிக்கத் தன் ஆட்களிடம் சொன்னார். கையில் கொண்டுவந்திருந்த கோடரியைத் திருப்பி, அதன் பின்பக்கத்தால் அடித்தார். எலும்பு முறியும் சத்தம் கப்பல் சங்குக்கு மேலே கேட்டது. மறுபடியும் அடித்தார். பிறகு,

"இப்ப போடா. மெயின்லேண்டுல எவன் வேணா உன்னை வேலைக்கு வச்சுக்கட்டும்" என்றார்.

ராமநாதபுரத்துக்காரர் எழுந்தார். விழுந்ததில் வாயில் ரத்தம். இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். கான்ஸ்டபிள் ஒதுங்கி வழிவிட்டார். ஏறியவர் உயிரோடுதான் போனார். ஒப்பந்தம் முடிந்த எந்த ஹாலந்துக்காரனையும்போல, இனி எந்த முதலாளியையும் தேடிப் போகலாம். தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையை எந்த முதலாளியிடம் காட்டுவார் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.