இனிகோ இறங்க மறுத்த கட்டில்

என் தம்பி இனிகோ இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தவன். இன்று ஒற்றைக் கம்பு ஊன்றி நடக்கிறான். முப்பத்தெட்டு மாடிப்படி ஏறுவான். தூத்துக்குடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில், ஆலந்தலையிலிருந்தும் குலசேகரன்பட்டினத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது என்று சொல்லும் வேலை வாங்கியிருக்கிறான். இதில் எதற்கும் நான் காரணமில்லை. கால் போனதற்குத்தான் நான் காரணம்.

2022 நவம்பர் 22. திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போயிருந்தோம். கடலுக்கடியில் இனிகோ; அவனுக்குக் காற்றுப் போகும் குழாயை வள்ளத்தில் பிடித்திருந்தது நான். மேலே வந்தவன், "அண்ணே, காலு மரத்துப்போச்சு" என்றான். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் வரும் இந்த மரப்புக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே வழக்கம்தான்: திரும்பக் கடலுக்குள் இறக்குவது. ஆழத்தில் சரியாகிவிடும் என்பார்கள். இரண்டு தடவை இறக்கினேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியவனுக்கு ஐந்து மணி நேரம் வீணாய்ப் போயிற்று. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "மேல வந்ததும் நேரா இங்கனதான் கொண்டாந்தேன்" என்று பொய் சொன்னேன். மூன்றாம் நாள்தான் உண்மையைச் சொன்னேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றார் டாக்டர். அதற்கு மேல் திட்டவில்லை.

ஒரு மாதமாகியும் கால் அசையவில்லை. எண்ணெய் வைத்தியரிடம் கொண்டுபோக ஆட்டோவோடு வந்தேன். சொந்தப் பொறுப்பில் போவதாக எழுதிய தாளை நர்ஸ் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். இனிகோ கைநாட்டு வைக்க வேண்டும். எட்டாவது வரை படித்தவன் நான். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நின்றுவிட்டவன் அவன்.

விரலை மடக்கிக்கொண்டான்.

"ஏலே, ஊரே அங்கனதான் போகுது."

"ஊருக்குக் காலு இருக்கு, போகும். நீ சொன்னன்னு கடல்ல ரெண்டு தடவ இறங்குனேன். இந்தக் கட்டில விட்டு இறங்கமாட்டேன்."

ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன்.

பயிற்சி கொடுக்கும் பெனிஷா அவனைத் தினமும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்துவார். விழுவான். "இன்னொரு தடவ" என்று அவனே கேட்பான். பிப்ரவரி 6ஆம் தேதி வலதுகால் பெருவிரல் அசைந்தது. மத்தியானங்களில், கட்டில் தலைமாட்டு அட்டையில் இருந்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதினான். என்னிடம் சொல்லித்தரக் கேட்கவில்லை. சொல்லித்தரட்டுமா என்று கேட்க எனக்கும் முகமில்லை.

நூற்று நாற்பத்துமூன்றாம் நாள், வீட்டுக்கு அனுப்பும் தாளோடு மைப்பெட்டியும் வந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, நின்றபடியே பேனா வாங்கினான். மூன்றே எழுத்து, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று. அன்று 2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை.